தோலும் தொடுகையும்

அருங்காட்சியகம் எதுவாயினும், அதன் வாயிலைக் கடந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் முதற் கட்டளை 'பொருள்களைத் தொடாதீர்' என்பதாகும். பியானோ என்னும் இசைக்கருவியோ தொடப்படுவதற்கென்றே பிறந்தது. ஒரு பியானோக் கலைஞரை மேனாட்டுத் திறனாய்வாளர் மதிப்பிடப் புகுந்தால், அவர் வேகத்தையும் நினைவாற்றலையும் பற்றிப் பேசுமுன் அவரது தொடுகையைப் பற்றியே பேசுவர். தொடுதலை விலக்கும் இல்லத்தில் தொடுதலால் மட்டுமே உயிர்பெறும் கலை அரங்கேறும்போது என்ன நிகழ்கிறது? தோல் பதனிடும் தொழிலால் வாழ்ந்தும் வாடியும் வரும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் வாழும் நமக்கு அக்கேள்வியில் என்ன பங்குண்டு? இவ்விரண்டையும் இணைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தில் மேனாட்டுச் செவ்வியல் இசைக்கும் அருங்காட்சியகத்திற்கும் நெடுநாள் உறவுண்டு. 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எழும்பூர் வளாகத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மியூசியம் தியேட்டர் அதற்குச் சான்று. ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் நாடகம் காணவும் இசை கேட்கவும் அமைந்த அவ்வரங்கில், பின்னாளில் பியானோக் கச்சேரிகளும் பல நடந்தேறின. அதே வளாகத்தின் வெண்கலக் கூடத்தில், அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த நடராசர் திருவுருவம் நிற்கிறது. வீதியுலாவுக்கென வார்க்கப்பட்ட அவ்வுருவத்தை இன்று யாரும் தோளில் சுமப்பதில்லை. விளக்கொளியில் நிறுத்திக் கலையழகை வியக்கிறோம். அருங்காட்சியகம் பொருளைக் காக்கிறது. ஆனால் காக்கும்போதே அப்பொருளை அதன் பயனினின்றும் பிரித்துவிடுகிறது. அதுவே அதன் தொண்டு. அதுவே அதன் குறையும்கூட.

மேனாட்டுச் செவ்வியல் இசையைப் பற்றியும் இதே குறை சொல்லப்படுவதுண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவற்றையே மீண்டும் மீண்டும் வாசிப்பதால் அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கலையாகிவிட்டது என்பர். இக்குற்றச்சாட்டு எந்த அளவுக்கு உண்மை என்று தேர்ந்தறிய, அருங்காட்சியகத்தில் நிகழ்ந்த பியானோக் கச்சேரிகளுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் 1939 அக்டோபர் 10 அன்று மைரா ஹெஸ் என்னும் அம்மையார் தனித்து வாசித்த நிகழ்ச்சியாகும்.

போர் தொடங்கியிருந்த காலம் அது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, கலைக்கூடத்தின் ஓவியங்களெல்லாம் வேல்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. திரையரங்குகளும் இசையரங்குகளும் மூடப்பட்டு, மாலை வந்தால் நகரம் இருளில் மூழ்கியது. யூதக் குடும்பத்தில் 1890-இல் பிறந்த மைரா ஹெஸ், கலைக்கூட இயக்குநர் கென்னத் கிளார்க்கை அணுகி, வெறுமையாய்க் கிடந்த அக்கூடத்தில் நண்பகலில் இசை நிகழ்த்த இசைவு கேட்டார். இசைவு கிடைத்தது. நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு சில்லிங். நாற்பது ஐம்பது பேர் வந்தாற் போதும் என்றிருந்த இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டனர். அன்று தொடங்கிய நண்பகல் இசை 1946 ஏப்பிரல் வரை தொடர்ந்தது. குண்டுகள் பொழிந்த நாள்களில் நிலவறைக்கு இடம் மாறியதேயன்றி நிற்கவில்லை. மொத்தம் 1,698 கச்சேரிகள். கேட்டவர் எண்ணிக்கை 8,24,152.

எண்ணிக்கை வியப்பைத் தரலாம். ஆனால் திறனாய்வு எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. முதல் நாள் அவர் வாசித்தவை எவை? இத்தாலியரான ஸ்கார்லாட்டி, போலந்தின் சோப்பின் ஆகியோரின் படைப்புகளோடு பாக், பீத்தோவன், சூபர்ட், பிராம்ஸ் ஆகியோர் இயற்றியவையும் இடம்பெற்றன. பின்னவர் நால்வரும் செருமானிய மொழியினர். அப்போதைய பகைவரின் மொழிக்குரியவர். போர்க்காலத்தில் பகைவர் இசையை விலக்கவேண்டும் என்னும் எளிய நாட்டுப்பற்றுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. வெறுப்புக்கு நாடு உண்டு. அழகுக்கு எல்லையில்லை என்பதை அவர் மேடைப் பேச்சால் அன்று, நிகழ்ச்சி நிரலால் நிறுவினார்.

அவரது பெயரோடு என்றும் இணைந்து நிற்பது, பாக் இயற்றிய இசையிலிருந்து அவர் பியானோவுக்கு அமைத்துக்கொண்ட 'இயேசு, மானிடர் விரும்பும் பேரின்பம்' என்று ஆங்கில வழக்கில் அறியப்படும் பகுதி. அதன் மூல இசைக்கோவை, மரியன்னை எலிசபெத்தைச் சந்தித்த விழாவுக்கென 1723-இல் லைப்சிக் நகரில் அமைந்தது. லூத்தரன் திருச்சபையின் பாடகர்க்கென எழுதப்பட்டதை யூதப் பெண்மணி ஒருவர் பத்து விரல்களுக்கு மாற்றி அமைக்கிறார். கத்தோலிக்கராகிய நாம் அன்னையின் விழாவை நினைந்து கேட்டு மகிழ்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழை இசை யாரிடமும் கேட்பதில்லை.

இப்பகுதியை அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. மும்மூன்றாய்ப் பின்னிச் செல்லும் சுரங்கள் ஓடைபோல் ஓய்வின்றி ஓடுகின்றன. அவற்றின் நடுவே திருப்பாடலின் மெட்டு மெல்ல எழுகிறது. சிக்கல் இங்கேதான் உள்ளது. மெட்டும் ஓடையும் வெவ்வேறு பாடகர்க்கோ கருவிகளுக்கோ உரியனவல்ல; பல இடங்களில் ஒரே கையின் வெவ்வேறு விரல்களுக்கு உரியவை. ஒரு விரல் சற்றே அழுத்த, அடுத்த விரல் சற்றே அடங்க, கேட்பவர் செவிக்கு இரண்டு குரல்களாய்த் தோன்றவேண்டும். அம்மையார் மெட்டை உரக்க ஒலித்து முன்னிறுத்தவில்லை. சுற்றியுள்ளவற்றைத் தணித்து அதற்கு வழிவிடுகிறார். தாம் குறைந்து பிறர் வளர இடந்தரும் திருமுழுக்கு யோவானின் பண்பை விரல்கள் கற்றுக்கொண்டாற்போல் இருக்கிறது.

பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா' முற்றிலும் வேறான நிலம். இரு கைகளும் ஒரே மெட்டை அடங்கிய குரலில், இடைவெளிவிட்டு, இருளில் தடவிச் செல்வதுபோல் தொடங்கும், திடீரென வெடிக்கும், மீண்டும் அடங்கும். நடுப்பகுதி செபம் போன்ற அமைதி உடையது. ஆனால் அவ்வமைதி முற்றுப்பெறுவதில்லை. முடிவுச் சுரம் வரவேண்டிய இடத்தில் அமைதியற்ற ஓர் ஒலித்திரள் வந்து நம்மை நேரே புயலுக்குள் தள்ளிவிடுகிறது. அம்மையார் இதனை அக்கலைக்கூடத்தில் வாசிக்கும் காட்சி, அம்ப்ரி ஜென்னிங்ஸ் 1945-இல் எடுத்த 'திமத்திக்கு ஒரு நாட்குறிப்பு' என்னும் ஆவணப்படத்தில் இடம்பெற்றுள்ளது. கேட்டோர் முகங்களைக் காட்டிய பின், இது செருமானிய இசையல்லவா, இதனை எவ்வாறு புரிந்துகொள்வது என்று படத்தின் பின்னணிக் குரல் கைக்குழந்தையிடம் வினவுகிறது. விடை தரப்படவில்லை. விடை தராமையே அப்படத்தின் நேர்மை.

இங்கே ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஒரு சில்லிங்குக்கு ஆறுதல் வழங்கிய அந்நகரம் ஒரு பேரரசின் தலைநகரமும் ஆகும். இந்திய மக்களின் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே அவ்வரசு 1939-இல் நம் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியது. 1943-இல் வங்காளம் பஞ்சத்தால் மடிந்தது. நல்லிசை கேட்ட நகரமெல்லாம் நன்னகரம் ஆகிவிடாது. இசை மனிதரைத் தானாகவே திருத்திவிடும் என்று நம்புவது மூடநம்பிக்கை. ஆனால் இசை எதையும் மாற்றாது என்று கைவிடுவதும் நம்பிக்கையின்மையே.

அக்கலைக்கூடம் பற்றிய இன்னொரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. இசை தொடர்ந்துகொண்டிருந்த 1942-இல், மறைத்து வைத்த ஓவியங்களுள் ஒன்றையேனும் காணவேண்டும் என்று மக்கள் விழைந்தனர். அதனால் மாதம் ஓர் ஓவியம் கொண்டுவந்து வைக்கப்பட்டது. அவ்வாறு தொடக்கத்திலேயே வந்தவற்றுள் ஒன்று, டிஷியன் தீட்டிய 'என்னைத் தொடாதே'. உயிர்த்த ஆண்டவரை நோக்கி மகதலா மரியா கை நீட்ட, அவர் மெல்ல விலகி வளையும் காட்சி அது. பியானோ ஒலிக்கும் கட்டடத்தில், தொடாதே என்னும் ஓவியம்!

யோவான் நற்செய்தியின் இப்பகுதியை ஆராய்ந்தோர், மூலக் கிரேக்கச் சொல்லுக்குப் 'பற்றிக்கொண்டிராதே' என்னும் பொருளும் உண்டென்பர். ஆண்டவர் மரியாவைத் தீண்டத்தகாதவர் எனத் தள்ளவில்லை. தம்மைப் பிடித்து நிறுத்திவிடாமல், கண்டதைச் சகோதரரிடம் சென்று அறிவிக்கும்படி அனுப்புகிறார். மரியா அவரை முதலில் கண்ணால் கண்டபோது தோட்டக்காரர் என்றே எண்ணினார்; தம் பெயர் சொல்லி அழைக்கும் குரலைக் கேட்டபோதுதான் அறிந்துகொண்டார். கண் தவறிய இடத்தில் செவி கண்டுகொண்டது.

பியானோவின் இயல்பும் இதுவே. குழலும் வயலினும் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த வல்லவை. நம் கருநாடக இசையின் கமகமோ சுரத்தை வளைத்து அசைத்துத் தாலாட்டும். பியானோவில் சுத்தியல் தந்தியைத் தொட்ட மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். பிறந்தபோதே இறக்கத் தொடங்கும் அச்சுரத்தை எவராலும் பற்றிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த சுரத்திற்குக் கையளிக்கத்தான் முடியும். அருங்காட்சியகம் பற்றி வைத்துக்கொள்கிறது, பியானோ விட்டுக்கொடுக்கிறது. ஆகவே பழைய இசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் மட்டும் அது காட்சிப்பொருளாகிவிடாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் தொட்டாலன்றி அது இல்லை. கேட்போர் அதைச் சொத்தாகப் பற்றிக்கொள்ளும்போதுதான் அது கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. ஓவியங்கள் நீங்கிய அக்கூடத்தில் சொத்து ஏதும் எஞ்சவில்லை. தொடுகை மட்டுமே எஞ்சியது. மைரா ஹெஸ்ஸின் கச்சேரி வெற்றி பெற்றதன் காரணம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். பியானோவை நமக்கு அந்நியமான, செல்வர் வீட்டு மரப்பெட்டியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் சிலரே. இத்தாலியின் புளோரன்சு நகரில், 1700-ஆம் ஆண்டளவில், பார்த்தலோமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் இக்கருவியைப் படைத்தார். அவர் கையால் செய்தவற்றுள் மூன்று இன்றும் உள்ளன: 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது உரோமையிலும், 1726-இல் செய்தது லைப்சிக்கிலும். மூன்றும் இருப்பது அருங்காட்சியகங்களில். அவற்றின் சுத்தியல் தலைகளில் தந்தியைத் தொடும் பகுதி தோல்! மொசார்ட்டும் பீத்தோவனும் வாசித்த வியன்னா நகரப் பியானோக்களிலும் சுத்தியல்களுக்குத் தோலே போர்த்தப்பட்டிருந்தது. பாரிசில் ஆன்றி பாப் என்பவர் 1826-இல் கம்பளிப் போர்வைக்கு உரிமம் பெற்ற பின்னரே தோல் படிப்படியாய் விலகியது. இன்றைய பெரிய பியானோக்களிலும், சுத்தியலின் தண்டைத் தாங்கி மேலெழுப்பும் சிற்றுருளை மீதும், திரும்பி விழும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கட்டையின் மீதும் மென்தோல் உண்டு. 'அப்பாசியோனாட்டா' பிறந்த நாளில் மனித விரலுக்கும் உலோகத் தந்திக்கும் இடையே நின்று, வன்மையை மென்மையாக்கித் தந்தது பதனிடப்பட்ட தோலே.

தோலை மென்மையாக்குவது எத்துணைக் கடினமான வேலை என்பதை நம் மக்களிடம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய பழைய முறையாயினும், குரோமிய உப்பைப் பெரிய உருளைகளில் சுழற்றும் பின்னைய முறையாயினும், எல்லாம் கையின் வேலை. கழுவியும் நீங்காத நாற்றம் அக்கைகளுக்குக் கூலியோடு சேர்ந்து வந்தது. அக்கைகளைத்தான் இச்சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தொடாதே என்றது. அருங்காட்சியகத்தில் பொருளின் மதிப்பைக் காக்கச் சொல்லப்படும் அதே சொல், நம் தெருக்களில் மனிதரின் மதிப்பைப் பறிக்கச் சொல்லப்பட்டது. பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டினை 1996-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். தோலின் மென்மையைத் துய்ப்போர் இவ்விலையையும் அறிந்திருத்தல் நலம்.

தோலால் ஆன இன்னொரு கருவியும் நம்மிடம் உண்டு, அது பறை. பியானோவில் தோல் மறைந்து நிற்கிறது. பறையில் முகமாகவே நிற்கிறது. முன்னது வரவேற்பறையின் பெருமை எனவும், பின்னது ஊர்க்கோடியின் இழிவு எனவும் கருதப்பட்ட நாள்கள் மிக அண்மையில்தான் மாறத் தொடங்கின. ஆனால் திருச்சபையின் ஆவணங்களைப் புரட்டினால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி 1903-இல் பிறப்பித்த ஆணையில், ஆலயத்தில் பியானோ வாசித்தலைத் தடை செய்கிறார். அதே இடத்தில் முரசு போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் தடை செய்கிறார். பியானோவும் பறையினமும் ஒரே விதியால் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன!

அவ்வாணையின் நோக்கம், நாடக மேடையின் பாங்கு வழிபாட்டுக்குள் புகாது காப்பதேயன்றிச் சாதி அன்று. ஆயினும் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில், ஆர்கனைப் போற்றியதோடு, தகுதியுள்ள பிற கருவிகளுக்கும் அந்தந்த மக்களின் இசை மரபுகளுக்கும் கதவு திறந்தது. அக்கதவு வழியே யார் முதலில் நுழைந்தனர்? மின்விசைப் பலகை உடனே வந்தது; எந்தக் கோவிலிலும் அதனை யாரும் கேள்வி கேட்கவில்லை. பறை வந்தபோதோ, இது சாவுக்கு அடிப்பதல்லவா என்னும் முணுமுணுப்பு எழுந்தது. உயிர்ப்பைக் கொண்டாடும் சபை, சாவோடு தொடர்புடைய கருவி என்று ஒன்றை ஒதுக்குவது எவ்வகை இறையியல்? கல்லறையிலிருந்துதானே நம் நற்செய்தி புறப்பட்டது!

ஆகவே பியானோவா பறையா என்னும் வழக்கு தவறான வழக்கு. தோல் தொழிலாளியின் பிள்ளைக்குப் பறையே போதும் என்று சொல்வதும், பியானோ வந்தால்தான் உயர்வு என்று சொல்வதும் ஒரே சுவரின் இருபுறங்கள். இரண்டையும் தொட அப்பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதே நம் நிலைப்பாடு.

இவ்வுரிமைக்குத் தடையாய் நிற்பவற்றுள் நம் கேட்கும் பழக்கமும் ஒன்று. நகரங்களில் பியானோ பெரும்பாலும் தேர்வுக்குரிய பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. படிநிலைச் சான்றிதழ்கள் சுவரில் தொங்க, கருவி மூடிக்கிடக்கும் இல்லங்கள் உண்டு. மற்றொன்று வேகத்தின் மீதுள்ள மயக்கம். 2005-இல் பிறந்த சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் ரிம்ஸ்கி-கொர்சகோவின் வண்டுப் பறத்தலை நிமிடத்திற்கு 208 தட்டு வேகத்திலும், பின்னர் 325 தட்டு வேகத்திலும் வாசித்து உலகை வியக்கவைத்தான். அவன் திறமை மெய்யானது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தமிழுலகம் அவனைப் பாராட்டியபோது எண்களைச் சொல்லியதேயன்றி, அவன் தொடுகையைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. பந்தயக் குதிரைக்குச் செய்யும் மரியாதையைக் கலைஞனுக்குச் செய்தோம். இதற்கு மாறாக, அனில் சீனிவாசன் தம் பியானோவைச் சிக்கில் குருசரணின் குரலோடு இணைத்தபோது, வளையாத கருவி வளையும் குரலுக்கு எவ்வாறு இடம்விட்டு நிற்பது என்னும் பொறுமையான பாடம் நமக்குக் கிடைத்தது.

தண்ணீரும் கூலியும் கேட்கும் மக்களுக்குப் பியானோ எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. இசையைக் கொடுத்துக் கூலியை மறுப்போமாயின் அது வஞ்சகம். ஆனால் கூலி உயரும் வரை அழகை நிறுத்திவைப்போம் என்பது, ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு என்று தீர்ப்பிடுவதாகும். மைரா ஹெஸ் கலையைத் தாழ்த்தவில்லை, வாயிலைத்தான் தாழ்த்தினார். வேலைக்குச் செல்வோர் வந்து திரும்பத்தக்க நண்பகல் நேரம், எளியோரும் தரத்தக்க கட்டணம், பசித்தோருக்கு ரொட்டித் துண்டு, நாள்தோறும் தவறாத ஒழுங்கு ஆகிய நான்கே அவர் செய்த ஏற்பாடுகள். வாசித்ததோ பீத்தோவனின் மிகக் கடினமான படைப்பு.

வேலூர்க் கோட்டைக்குள் நம் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோவிலும் மசூதியும் 1846-இல் கட்டப்பட்ட ஆலயமும் ஒரே மதிலுக்குள் நிற்கும் அக்கோட்டையில், 1832-இல் வேலூரில் சிறைவாசத்திலேயே உயிர்நீத்த கண்டி அரசன் விக்கிரமராசசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் காட்சிக்கு இருக்கிறது. தந்தத்தை நாம் காண்கிறோம். ஆடிய விரல்களைக் காண்பதில்லை. பழைய பியானோக்களின் கட்டைகளிலும் தந்தம் பதித்திருந்தனர் என்பதை இங்கே நினைவுகூரலாம். அக்கோட்டை வெளியில் ஒரு விடுமுறைப் பிற்பகலில் ஒரு பியானோவும் ஒரு பறையும் ஒலிக்க, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் வாரமெல்லாம் குனிந்திருக்கும் நம் சகோதரியர் பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்து கேட்க இயலாதா? நிகழ்ச்சி முடிந்தபின், எந்தக் காவலரும் தடுக்காமல், ஒரு குழந்தை சென்று ஒரு கட்டையை அழுத்திப் பார்க்க இயலாதா?

ஒரு கச்சேரியின் தரத்தை அளக்க நாம் வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவுகோல்கள் பல: கலைஞரின் பயிற்சி, கருவியின் தரம், அரங்கின் ஒலியமைப்பு, நிரலின் ஒழுங்கு. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் முன்வைக்கும் தீர்ப்பு. அக்கருவியை உருவாக்கிய உழைப்பின் கைகளுக்கு அதனைத் தொடும் உரிமை அங்கே கிடைத்ததா? கிடைக்கவில்லையாயின், வாசிப்பு எத்துணைச் சிறந்ததாயினும், அது காட்சிப்பொருளே. கிடைத்திருப்பின், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடமும் நல்ல அரங்கமே.